ட்ரோபோனின் மாற்றம்: சதவீதக் கணக்கா, நேர்க் கழித்தலா?

நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஈசிஜி தெளிவாகக் காட்டிக்கொடுக்காதபோது, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கலக்கும் புரதம்) பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இருமுறை செய்து, இரண்டுக்கும் இடையிலான மாற்றத்தைப் பார்க்கிறார்கள். அம்மாற்றத்தைச் சதவீதமாகக் கணக்கிடுவது ஒரு முறை. லிட்டருக்கு எத்தனை நானோகிராம் கூடியது அல்லது குறைந்தது என்று நேரடியாகக் கழித்துப் பார்ப்பது மற்றொரு முறை. பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டாவதே நம்பத்தக்கது என்பது என் கருத்து.

முதல் அளவு சிறியதாக இருக்கும்போது சதவீதம் வீண் பயத்தைக் கிளப்பிவிடும். உயர் உணர்திறன் கொண்ட பரிசோதனையில் ட்ரோபோனின்-டி (ட்ரோபோனினின் ஒரு வகை) 4-இலிருந்து ஒரு மணி நேரத்தில் 6 ஆனால் அது 50 சதவீத ஏற்றம்; ஆனால் கூடியது 2 நானோகிராம்தான். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் ஒரு மணி நேர முறைப்படி, முதல் அளவு 12-க்குக் குறைவாகவும் மாற்றம் 3-க்குக் குறைவாகவும் இருந்தால் மாரடைப்புக்கான வாய்ப்பு மிகக் குறைவு. மாறாக, 40 என்பது 46 ஆனால் ஏற்றம் 15 சதவீதம் மட்டுமே. 20 சதவீதத்தை எல்லையாகக் கொண்டவர் இவரை விட்டுவிடக்கூடும். அதே ஐரோப்பிய முறையோ, 5 அல்லது அதற்கு மேல் கூடியதால் இவரை மாரடைப்பு நோயாளியாகக் கருதி உள்ளே அனுமதிக்கச் சொல்கிறது.

சிறுநீரக நோயாளிகளிடம் நிலைமை மாறுகிறது. நெடுநாளாக டயாலிசிஸ் செய்துகொள்பவரின் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அளவு 150-இலிருந்து 158 ஆவது கருவியின் இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். இங்கே 20 சதவீத விதிதான் துணை நிற்கும்.

இரண்டு கணக்குமே கைவிடும் இடம் ஒன்று உண்டு; நம் கடற்கரைக்கு அது மிகவும் முக்கியமானது. பாம்பனிலிருந்தோ இராமேசுவரத்திலிருந்தோ விசைப்படகில் சென்றவருக்கு இரவில் வலை இழுக்கும்போது வலி தொடங்கி, கரை சேர்ந்து மருத்துவமனைக்கு வர மறுநாள் ஆகிவிட்டால், ட்ரோபோனின் உச்சத்தை எட்டி அங்கேயே நிற்கலாம். 1,400, பிறகு 1,370 என்று வரும் சீட்டைப் பார்த்து ‘மாற்றம் இல்லை’ என்று ஆறுதல் அடையக் கூடாது. ட்ரோபோனின் ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே இருக்கக்கூடியது. ஆகவே வலி தொடங்கிய நேரத்தைக் கேட்காமல் எந்த மாற்றத்துக்கும் பொருள் சொல்ல முடியாது. பழைய சிகே-எம்பி (தசைகளில் உள்ள ஒரு நொதி) பரிசோதனையை மட்டும் நம்பினாலும் குழப்பம்தான், ஏனெனில் கடுமையாக உழைத்த தசையிலிருந்தும் அது இரத்தத்தில் கலக்கும்.

இராமேசுவரத்தில் ஒரு கருவியிலும், சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி மதுரையில் வேறொரு கருவியிலும் எடுத்த அளவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பது தவறு. ட்ரோபோனின்-டியும் ட்ரோபோனின்-ஐயும் வெவ்வேறு புரதங்கள். ட்ரோபோனின்-ஐயிலேயே நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு வேறுபடும். ஒரு சீட்டில் மில்லிலிட்டருக்கு 0.03 என்றும் மற்றொன்றில் லிட்டருக்கு 30 என்றும் இருந்தால், ஆயிரம் மடங்கு ஏறியதாகக் குடும்பத்தார் பதறுகிறார்கள். இரண்டும் ஒரே அளவுதான். மேல் சிகிச்சைக்கு அனுப்பும் கடிதத்தில் கருவியின் பெயர், அலகு, இரத்தம் எடுத்த நேரம், வலி தொடங்கிய நேரம் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புவது அவசியம். ஈசிஜியில் எஸ்டி எனப்படும் கோட்டுப் பகுதி உயர்ந்திருந்தால் இந்தக் கணக்கு எதற்கும் காத்திராமல் உடனே சிகிச்சையைத் தொடங்கியாக வேண்டும்.