₹1,85,000 போச்சு: பெங்களூர்ல லைட், பெயின்ட் பேக்கேஜ் எடுக்கப் போறவங்க படிச்சுட்டுப் போங்க

கோபத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ரூபா. ஹால், டைனிங் ரெண்டுக்கும் சேர்த்து ஃபால்ஸ் சீலிங், லைட், பெயின்ட். ஆப்பும் வச்சுக்கிட்டு பெரிய ஷோரூமும் திறந்து வச்சிருக்கிற இண்டீரியர் கம்பெனிகள்ல ஒண்ணு. பேரைப் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுக்காரர் பயப்படுறார், அதனால பேர் கிடையாது.

எங்க ஃப்ளாட் ராமமூர்த்தி நகர்ல. ஹால் வடக்கு பார்த்தது, ஜன்னலைத் திறந்தா பக்கத்து பில்டிங் சுவர். பட்டப்பகல்லயே லைட் போட்டாத்தான் பேப்பர் படிக்க முடியும். இதைச் சொன்னதும் அவங்க டிசைனர் பையன் ஒரு பதில் சொன்னான் பாருங்க, அதுதான் எங்களைக் கவுத்துச்சு. சேலத்துப் பையன், வாயைத் திறந்தா அக்காதான். "வடக்கு வெளிச்சம் லேசா நீலம் அடிக்கும்க்கா. அதுல கிரே அடிச்சா ஹாலே சோகமாயிடும். ஒரு சுவர் டெரகோட்டா, மத்த மூணும் க்ரீம், மேல 3000 கெல்வின் வார்ம் லைட். பண்ணிப் பாருங்க"ன்னான்.

ஷோரூம்ல ஒரு சின்ன தடுப்புக்குள்ள கலர் அட்டையை வச்சு, ஸ்விட்சை மாத்தி மாத்திப் போட்டான். 3000 கெல்வின்ல அந்த டெரகோட்டா அப்பதான் சூளையிலருந்து எடுத்த செங்கல் மாதிரி இருந்தது. 6500 போட்டான் (கெல்வின் நம்பர் ஏற ஏற வெளிச்சம் மஞ்சள்லருந்து நீலத்துப் பக்கம் போகும்), அதே அட்டை செத்துப்போச்சு. "இது தெரியாமத்தான்க்கா பாதிப்பேர் பெயின்ட் கம்பெனியைத் திட்டுறாங்க"ன்னு சிரிச்சான். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் வயித்தெரிச்சல். ஒண்ணும் தெரியாதவன் ஏமாத்தினா கூட மனசு ஆறும்.

கொட்டேஷன்லயும் எல்லாம் எழுத்துல இருக்கு. 3000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல (பொருளோட நிறத்தை எவ்வளவு சரியா காட்டுதுன்னு லைட்டுக்கு 100க்குப் போடுற மார்க்), மெஷின்ல டின்ட் பண்ணின பிரீமியம் எமல்ஷன். மெட்டீரியல் கிளம்புறதுக்கு முன்னாடி முழுப் பணமும் கட்டணுங்கிறது அவங்க ரூல். கட்டினோம். 1,85,000.

வேலை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி எல்லா லைட்டையும் போட்டோம். அத்தை என்னைப் பார்த்துட்டு, "ஏம்மா, காய்ச்சலா? மூஞ்சி ஏன் வெளிறிக் கெடக்கு?"ன்னாங்க. பார்த்தா எல்லார் மூஞ்சியும் அப்படித்தான் கெடக்கு. கிண்ணத்துல தக்காளி ரசம் பழுப்பா தெரியுது. டெரகோட்டா சுவர் ஈரல் நிறத்துல நிக்குது. வீட்டுக்காரர் ஏணி போட்டு ஒரு காப் லைட்டை (சீலிங்ல பதிக்கிற சின்ன எல்.ஈ.டி. லைட்) கழட்டி இறக்கினார். பின்னாடி ஸ்டிக்கர்ல 6500. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, ஆர்-னு ஆரம்பிக்கிற பதிவு நம்பர், எதுவும் இல்ல. டிரைவர்ல, அதான் லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற குட்டிப் பெட்டியில, கம்பெனி பேர் கூட இல்ல. போன் கேமராவை லைட்டுக்கு நேரா பிடிச்சா ஸ்க்ரீன்ல கருப்புப் பட்டையா ஓடுது. வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாம துடிக்குதுன்னு அர்த்தம். எனக்கு ஏற்கெனவே ஒத்தைத் தலைவலி.

பெயின்ட் கதை தனி. பால்கனியில காலி பக்கெட்டை விட்டுட்டுப் போயிருந்தாங்க. கடையில மெஷின்ல கலந்தா மூடியில ஷேட் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தருவாங்க. இதுல இல்ல. பக்கத்துலயே காலி ஸ்டெய்னர் (பெயின்ட்ல கலக்கிற கலர்) பாட்டில் உருண்டு கெடக்கு. வெள்ளைப் பெயின்ட்ல கையால ஊத்திக் கலக்கியிருக்காங்க க்ரீமை! ரெண்டாவது தடவை கலக்கினது முதல்ல கலக்கினதோட சேரலை. சோபாவுக்குப் பின்னாடி இடுப்பு உயரத்துல நீளமா ஒரு கோடு, மேல ஒரு க்ரீம், கீழ ஒரு க்ரீம்.

உடனே பையனுக்குப் போன். "எஸ்கலேட் பண்றேன்க்கா." அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்க்கா." அப்புறம் வெறும் ப்ளூ டிக். இப்ப அவன் கம்பெனியை விட்டே போயிட்டானாம்! கஸ்டமர் கேர்ல டிக்கெட் போடுவாங்க, யாரும் வராமலே அது "ரிசால்வ்டு"னு மூடிக்கும். ஒரு பொண்ணு, "ஸ்க்ரீன்ல பார்க்கிற கலரும் சுவரும் ஒண்ணா இருக்காது மேடம்"ங்குது. நான் ஸ்க்ரீன்ல எங்கம்மா பார்த்தேன், உங்க ஷோரூம்ல கண்ணால பார்த்தேன். "கலர் அவங்கவங்க பார்வையைப் பொறுத்தது மேடம்." 6500ன்னு அச்சடிச்சு வச்சிருக்கே, அதுவும் என் பார்வையா? சைட் மேனேஜரைப் பிடிச்சா, ஸ்டாக் இல்லாததால ஈக்விவலண்ட் போட்டோம், வாட்ஸ் ஒண்ணுதானே, "நோடோணா மேடம்"னு (கன்னடத்துல 'பார்க்கலாம்') நழுவிட்டார். கடைசியில பெரிய மனசு பண்ணி என்ன கொடுத்தாங்க தெரியுமா? அடுத்த ஆர்டருக்கு 5,000 ரூபா கூப்பன். 1,85,000க்கு!

வீட்டுக்காரர் எஸ்.ஜே.பி. ரோட்டுல நல்ல 3000 கெல்வின் லைட் ஒண்ணு வாங்கிட்டு வந்து டெரகோட்டா சுவர் பக்கம் மாட்டினார். அந்த இடத்துல மட்டும் ஷோரூம்ல பார்த்த அதே நிறம் வந்துடுச்சு. ஆக, மொத்த லைட்டையும் கைக்காசு போட்டு மாத்தணும், க்ரீம் சுவரை மறுபடி அடிக்கணும். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சிருக்கேன். அதுல நடக்கலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா அங்க ஃபீஸ் கிடையாது, நேரா நாமளே போடலாம்.

டிப்ஸ் விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப முடியலை. இதை மட்டும் செய்யுங்க. லைட் எரியுறதைப் பார்க்காம முழுப் பணம் கட்டாதீங்க. சீலிங்ல மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் திருப்பி ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்க, ஆர் நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டுப் பாருங்க. பெயின்ட் பக்கெட் சீல் உங்க கண்ணு முன்னாடி உடையணும். மாட்டப்போற அதே லைட்டை வச்சு, உங்க வீட்டு சுவர்லயே ஒரு சதுரம் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, பகல்லயும் ராத்திரியும் பாருங்க. ஷோரூம் அட்டையை நம்பாதீங்க. இன்னும் ஏதோ ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன், கஸ்டமர் கேர்லருந்து போன் வருது, எடுக்கறேன்.