ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தணுமா? ஏழரை வருஷம், 1,14,000 கி.மீ. ஓட்டின அனுபவம்

வண்டி 2017 டிசம்பர்ல எடுத்தது, டீசல் செடான், 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். இப்ப 1,14,000 கி.மீ. ஓடியிருக்கு. வீடு மஞ்சக்குப்பம், வேலை பாண்டில, அதனால தினமும் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் வழியா போயிட்டு வரணும். தவளக்குப்பம் வரைக்கும் வண்டி ஜம்முனு போகும், அதுக்கப்புறம் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம்னு பிரேக்ல கால வெச்சுக்கிட்டே ஊர்ந்து போறதுதான். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, எத்தன கிலோமீட்டர்ல ஆயில் மாத்தணும்னு கேக்கறவங்க அந்த கிலோமீட்டர் எந்த ரோட்ல ஓடுச்சுன்னும் சேத்து பாக்கணும்.

40,000 கி.மீ. சர்வீஸ்ல நான் கேட்டேன், கியர்பாக்ஸ் ஆயில் எப்ப மாத்துவீங்கன்னு. "சார், அது லைஃப்டைம் ஆயில், தொடவே வேணாம்"னு அட்வைசர் சொன்னாரு. நானும் நம்பிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் மேனுவல எடுத்து பொறுமையா படிச்சா, சாதாரண யூஸ்ல ஒண்ணும் தேவையில்ல, கடினமான யூஸ்ல 1,00,000 கி.மீ.க்கு மாத்தணும்னு தனியா ஒரு டேபிள்ல போட்டிருக்கு. கடினமான யூஸ்னா என்னன்னு பாத்தா, 32 டிகிரிக்கு மேல வெயில்ல நெரிசலான ரோட்ல ஓட்டறது. கடலூர்ல ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பகல்ல 32க்கு கீழ எத்தன நாள் இருக்கும் சொல்லுங்க. நம்ம ஊர்ல வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்குமே அந்த ரெண்டாவது டேபிள்தான். இன்னொரு விஷயம், இசட்எஃப்னு ஜெர்மன்ல பெரிய கியர்பாக்ஸ் கம்பெனி இருக்கு, பல கார் கம்பெனிங்க அவங்க பாக்ஸ வாங்கிப் போட்டு லைஃப்டைம் ஆயில்னு சொல்லுவாங்க, ஆனா பாக்ஸ செஞ்ச இசட்எஃப்பே 80,000ல இருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள இல்லன்னா 8 வருஷத்துல மாத்துங்கன்னு சொல்றாங்க. செஞ்சவன் பேச்ச கேக்கறதா விக்கிறவன் பேச்ச கேக்கறதா.

ஆயில் ஏன் கெடுதுன்னு ஒரு வரி சொல்லிடறேன். டார்க் கன்வெர்ட்டர்ல இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேக்கறது ஆயில்தான், ஒரு ஃபேன் ஆயில வீசி இன்னொரு ஃபேன சுத்த வைக்கிற மாதிரி. சிக்னல்ல டி-ல போட்டு பிரேக்க அமுக்கி நிக்கும்போது இந்தப் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கும், அந்தப் பக்கம் நின்னுடும், நடுவுல மாட்டின ஆயில் சூடாகும். ஹைவேல ரெண்டு பக்கத்தையும் நேரா இணைக்கிற லாக்-அப் கிளட்ச் புடிச்சிக்கும், அப்ப சூடு கம்மி. அதனால சென்னைக்கு போயிட்டு வர்றத விட மரப்பாலத்துல அரைமணி நேரம் நிக்கிறது ஆயிலுக்கு கஷ்டம்.

என் வண்டில 58,000ல ஆரம்பிச்சது. காலைல ரிவர்ஸ் போட்டா உடனே நகராது, ஒரு செகண்ட் கழிச்சு ஒரு சின்ன குலுக்கலோட போகும். அப்புறம் 2வது கியர்ல இருந்து 3க்கு மாறும்போது பின்னாடி யாரோ லேசா தட்டின மாதிரி. வண்டி சூடானா சரியாயிடும், அதனால ஆறு மாசம் அப்படியே ஓட்டிட்டேன். அது தப்பு, அப்பவே போயிருக்கணும்.

64,000ல ஒரு கராஜ்ல விட்டு மாத்தினேன். சரியான கிரேடு ஆயில நானே வாங்கி குடுத்தேன், கூலியும் நியாயமாத்தான் வாங்கினாங்க. ஆனா லெவல் வெச்சதுல தப்பு நடந்துடுச்சு. வண்டி குலுக்கல் போச்சு, பரவாயில்லனு சந்தோஷப்பட்டு ரெண்டு வாரத்துல குடும்பத்தோட ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு, அதுல ஆறாவதோ ஏழாவதோ ஏறும்போது 2ல இருந்து 3க்கு போக வேண்டிய இடத்துல இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி இழுக்கல, ஆர்பிஎம் முள்ளு 4,000 வரைக்கும் ஏறி அப்புறம் டொக்குனு புடிக்குது. பின்னாடி சீட்ல அம்மா "என்னடா சத்தம்"னாங்க. மேல போய் சேர்ற வரைக்கும் கை நடுங்கிச்சு, திரும்ப இறங்கும்போது மேனுவல் மோடுல 2லயே வெச்சு இறக்கினேன்.

ஊருக்கு வந்து விசாரிச்சதுல முதலியார்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஷெட் சொன்னாங்க, ஆட்டோமேட்டிக் மட்டும் பாக்கற ஒரு பாய். அவரு முதல்ல கேட்டது, "லெவல் பாக்கும்போது வண்டி ஸ்டார்ட்ல இருந்துச்சா சார்?" இல்ல பாய், ஆஃப் பண்ணித்தான் பாத்தாங்கன்னேன். தலைய ஆட்டினாரு.

இங்கதான் மேட்டர் இருக்கு. என் பாக்ஸ்ல ஆயில் அளவு பாக்கற டிப் ஸ்டிக் கிடையாது. கீழ ஒரு ஓவர்ஃப்ளோ பிளக், அதைக் கழட்டினா எக்ஸ்ட்ரா ஆயில் வடிஞ்சிடும், நின்னதும் மூடிடணும். ஆனா இன்ஜின் ஓடினாத்தான் பம்ப் ஆயில இழுத்து கன்வெர்ட்டருக்கு அனுப்பும். ஆஃப்ல பாத்தா அந்த ஆயிலும் கீழயே இருக்கும், லெவல் அதிகமா இருக்கிற மாதிரி தெரியும், பிளக் திறந்தா தேவையான ஆயிலும் வெளிய போயிடும். அதுதான் எனக்கு நடந்தது. இன்னொண்ணு சூடு, ஆயில் சூடானா விரியும், அதனால எந்த டெம்பரேச்சர்ல பாக்கணும்னு ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு கணக்கு இருக்கு, என்னுதுக்கு 50ல இருந்து 60 டிகிரி.

பாய் ஸ்கேனர மாட்டி லேப்டாப்ப சீட்ல வெச்சாரு. வண்டிய லிஃப்ட்ல நேரா ஏத்தி, முதல்ல மேல இருக்கிற, ஆயில் ஊத்தற ஃபில் பிளக்க கழட்டிப் பாத்தாரு. கீழ வடிச்சிட்டு அப்புறம் மேல பிளக் துரு புடிச்சு கழலலன்னா வண்டி அங்கயே நிக்கும், அதனால எப்பவும் மேல முதல்லன்னாரு, இதை மட்டும் யாரும் மறக்காதீங்க. ஸ்டார்ட் பண்ணி, பிரேக்க அமுக்கி பி, ஆர், என், டி ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு செகண்ட் வெச்சு திரும்ப பி-ல விட்டாரு. ஸ்க்ரீன்ல ஆயில் சூடு 41, 44, 48னு ஏறுது. 52 வந்ததும் ஓவர்ஃப்ளோ பிளக்க கழட்டினா ஒரு சொட்டு கூட வரல. ஒரு நீள ஹோஸ மாட்டி மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஊத்த ஊத்த, கிட்டத்தட்ட 700 மில்லி போன அப்புறம்தான் கீழ செவப்பா ஒரு நூல் மாதிரி வடிய ஆரம்பிச்சது. அது சொட்டு சொட்டா குறைஞ்சதும் புது வாஷர் போட்டு மூடினாரு. அன்னிக்கு போன கத்தல் இன்னிக்கு வரைக்கும் வரல.

ஒரு தடவ வடிச்சா எல்லா ஆயிலும் வராது, இதையும் தெரிஞ்சுக்கோங்க. என் பாக்ஸ்ல மொத்தம் 7 லிட்டர் கிட்ட, வடியறது 3.8தான், மிச்சம் கன்வெர்ட்டர்லயும் கூலர்லயும் நிக்கும். ஒரு தடவ மாத்தினா பாதி புதுசு, ரெண்டாவது தடவ முக்கால்வாசி, மூணாவதுக்கு 90 பர்சன்ட் கிட்ட. நான் ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டர் விட்டு இன்னும் ரெண்டு தடவ பாய்கிட்டயே மாத்தினேன். முதல் தடவ வந்த ஆயில் டீ டிகாஷன் கலர், மூணாவது தடவ வந்தது ஓரளவு செவப்பு. டிரெய்ன் பிளக்ல இருக்கிற காந்தத்துல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்துச்சு, விரல்ல தேச்சா வழவழன்னு இருந்தா பயப்பட வேணாம், தேய்மானம்தான். சிலாம்பு மாதிரி குத்தினாத்தான் பிரச்சனை. மிஷின் போட்டு பிரஷர்ல ஃப்ளஷ் பண்றேன்னு சிலர் சொல்லுவாங்க, ரொம்ப நாள் மாத்தாத பாக்ஸுக்கு நான் அதை ஒத்துக்க மாட்டேன், பொறுமையா வடிச்சு ஊத்தறதே போதும். ஏற்கனவே எல்லா கியர்லயும் வழுக்கிட்டு ஆயில் கருகின வாசனை அடிக்குதுன்னா ஆயில் மாத்தி அது சரியாகாது, உள்ள கிளட்ச் பிளேட் போயிருக்கும், காசு வேஸ்ட் பண்ணாதீங்க.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி கிட்ட கரைய கடந்தப்ப வண்டி ரெயின்போ நகர்ல தங்கச்சி வீட்டு வாசல்ல நின்னுச்சு. ஒரே நாள்ல 48 செ.மீ. கிட்ட மழை, தெருவே ஏரியாயிடுச்சு, எங்க வண்டிக்கு பாதி வீல் வரைக்கும் தண்ணி. கியர்பாக்ஸ் மேல காத்து போக வர ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும், அது வரைக்கும் தண்ணி ஏறினா உள்ள போயிடும், அதுவும் சூடான பாக்ஸோட தண்ணில இறங்கினா உள்ள இருக்கிற காத்து சட்டுனு சுருங்கி தண்ணிய உறிஞ்சிக்கும். நான் ஸ்டார்ட் பண்ணவே இல்ல, தண்ணி வடிஞ்சதும் டோ பண்ணி ஷெட்டுக்கு கொண்டு போய் ஆயில் எடுத்துப் பாத்தா செவப்பு லேசா மங்கியிருந்துச்சே தவிர தண்ணி இல்ல, இருந்தாலும் 1,03,000 ஆயிடுச்சேன்னு மாத்திட்டேன். பக்கத்து வீட்டு வண்டியும் ஆட்டோமேட்டிக், பானட் வரைக்கும் தண்ணில வந்தது, அப்படியே நாலு நாள் ஓட்டினாங்க. அதே ஷெட்ல அதைத் திறந்தப்ப நான் இருந்தேன், வந்தது ஆயில் இல்ல, ரோஸ் மில்க். கிளட்ச் பிளேட்ல லைனிங்க ஒட்டியிருக்கிற பசைய தண்ணி இளக வெச்சிடும்னு பாய் சொன்னாரு. ரீபில்டுக்கு ஒன்றரை லட்சம் எஸ்டிமேட், அந்த அண்ணன் அப்படியே வண்டி மேல கைய வெச்சு நின்னாரு.

மத்த டைப் வெச்சிருக்கிறவங்களுக்கு: சிவிடி-ல (கியருக்கு பதிலா பெல்ட் ஓடற டைப்) சிவிடி ஆயில் மட்டும்தான், சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊத்தினா பெல்ட்டுக்கு புடி இருக்காது, பாக்ஸே போயிடும். வெட் கிளட்ச் டிஎஸ்ஜி (ஆயில்ல முங்கின ரெண்டு கிளட்ச் இருக்கிற டைப்) பலதுக்கு 60,000 கி.மீ.னு கம்பெனியே சொல்லுது, தள்ளிப் போடாதீங்க. ஏஎம்டி-ங்கிறது உள்ள மேனுவல் பாக்ஸ்தான், அதுல கியர் ஆயிலோட கிளட்ச்சும் தேயும், மேடான சிக்னல்ல பிரேக் போடாம ஆக்சிலேட்டர்ல வண்டிய நிறுத்தி வைக்காதீங்க.

செலவு எனக்கு ஒரு தடவைக்கு ஆயில் 4 லிட்டர் 3,400, கூலியும் வாஷரும் சேத்து 1,200. இனிமே 35,000 கி.மீ.க்கு ஒருமுறை ஒரே ஒரு தடவ வடிச்சு ஊத்தறதா முடிவு பண்ணியிருக்கேன், அடுத்தது 1,38,000ல. தேதி, கிலோமீட்டர், ஊத்தினது எவ்வளவு, வடிஞ்சது எவ்வளவு, எத்தன டிகிரில லெவல் பாத்தாங்க, எல்லாம் மேனுவல்ல கடைசி பக்கத்துல பேனால எழுதி வெச்சிருக்கேன். இன்னிக்கு காலைல ரிவர்ஸ் போட்டேன், போட்ட உடனே நகந்துச்சு.