தள்ளுபடியில் துணி எடுக்கலாம், கிரீம் எடுக்கலாமா?

சின்ன பூட்டிக்குகளில் துணி எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. அந்த மாதிரிக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஓர் அலமாரி இருக்கும். கிரீம், சீரம், லிப் பாம், முகத்துக்கான எண்ணெய் என்று அழகாக அடுக்கியிருப்பார்கள். துணிக்கு அறிவிக்கும் தள்ளுபடி அதற்கும் உண்டு. இரண்டையும் வாங்கி, தேயும்வரை, தீரும்வரை பயன்படுத்திப் பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது: தள்ளுபடியில் துணி எடுப்பது பெரும்பாலும் லாபம், கிரீம் எடுப்பது பெரும்பாலும் நஷ்டம். துணி பீரோவில் காத்திருக்கும், கிரீம் காத்திருக்காது.

பூட்டிக்கில் உண்மையான தள்ளுபடி வருவது சீசன் முடிகிற நேரத்தில்தான். சின்னக் கடையில் பழைய சரக்கை வைத்திருக்க இடம் இருக்காது, அடுத்த சரக்கு எடுக்கக் கையில் பணமும் வேண்டும். அதனால் நிஜமாகவே விலையைக் குறைப்பார்கள். இப்போதுதான் வந்து இறங்கிய துணியிலேயே ‘பாதி விலை’ அட்டை தொங்கினால், அடித்துக் காட்டியிருக்கும் முதல் விலையை நான் நம்புவதில்லை. கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவேன். 50 சதவீதத் தள்ளுபடி, அதன்மேல் இன்னொரு 20 சதவீதம் என்றால் மொத்தம் 70 இல்லை, 60 தான். அந்த 20 ஏற்கெனவே பாதியாகிவிட்ட விலையில்தான் கழிகிறது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது, மூன்றும் ஒரே விலையாக இருந்தால், ஏறத்தாழ 33 சதவீதம். விலை வேறுவேறாக இருந்தால் வழக்கமாக இருப்பதிலேயே மலிவானதைத்தான் இலவசமாகக் கணக்கிடுவார்கள்; அப்போது அந்த 33-ம் வராது.

சீசன் கடைசியில் போனால் நம் அளவு கிடைப்பது கஷ்டம். மிச்சம் கிடப்பது ரொம்பச் சின்னதாகவோ ரொம்பப் பெரியதாகவோ இருக்கும். இங்கேதான் பூட்டிக்கின் ஆல்டரேஷன் வசதி கைகொடுக்கிறது. தோள் சரியாக உட்கார்ந்தால் மற்றதைச் சமாளித்துவிடலாம். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம். தோள் இறங்கியிருந்தால் கையைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும், அந்தக் கூலியிலேயே தள்ளுபடி போய்விடும். சின்ன அளவைப் பெரிதாக்க வேண்டுமென்றால் உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. அதனால் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். தையலுக்கு அப்பால் ஒரு விரல்கடை துணி இருந்தால் பிரித்து விடலாம். தையலை ஒட்டியே வெட்டி, நூல் பிரியாமல் ஓரத்தைப் பின்னும் ஓவர்லாக் தையல் ஓட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

உள்பக்கத்தைப் பார்க்கும்போதே இன்னும் சில விஷயங்களும் தெரிந்துவிடும். தையலின் இரு பக்கத்தையும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அக்குள் பக்கமும் பின்பக்கமும் சீக்கிரம் விட்டுவிடும். கோடு போட்ட துணியில் பக்கவாட்டுத் தையலில் கோடுகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்ப்பேன். அப்படிச் சேர்க்கத் துணி கூடுதலாக வேண்டும், பொறுமையும் வேண்டும். அதைச் செய்தவர் மற்ற இடங்களிலும் கவனமாகத் தைத்திருப்பார் என்பது என் அனுபவம். பருத்தித் துணி என்று சொல்லி விற்கும் கவுனுக்குள் பாலியஸ்டர் லைனிங் இருந்தால், வெயிலில் உடம்புக்குத் தெரியப்போவது அந்த லைனிங்தான்.

துணி வகையில் எனக்கு நீண்ட நாள் உழைத்தது லினன். புதிதில் விறைப்பாக இருக்கும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும். கசங்குவதைச் சகித்துக்கொள்ள முடிந்தால் தள்ளுபடியில் முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான். ரேயான் கடையில் வழுவழுவென்று அழகாக விழும். ஆனால் நனைந்தால் அதன் இழை வலுவிழந்துவிடும், சுருங்கவும் செய்யும். குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காயவைத்தால் நன்றாகவே வருகிறது. பாலியஸ்டர் கலந்த டாப்ஸில் கைப்பை உரசும் பக்கம் மட்டும் உருண்டை உருண்டையாக இழை திரளும். லைக்ரா கலந்த பேன்ட்டுக்கு எதிரி சூடு. சூடான டிரையரில் போட்டு எடுத்தவை முட்டிப் பக்கம் சீக்கிரமே தொளதொளவென்று ஆகின்றன.

அடர்ந்த நிறம் எடுத்தால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பில் தேய்த்துப் பார்ப்பது வழக்கம். கைக்குட்டையில் சாயம் ஏறினால் மற்ற துணிகளிலும் ஏறும். அப்புறம் அந்தச் சின்ன லேபிள். அதில் வட்டம் இருந்தால் டிரை கிளீனிங். தொட்டிக்குள் கை போட்டிருந்தால் கையால் துவைக்க வேண்டும். முக்கோணத்தைக் குறுக்கே அடித்திருந்தால் பிளீச் கூடாது. தொட்டியைக் குறுக்கே அடித்திருந்தால் வீட்டில் துவைக்கவே முடியாது. டிரை கிளீனிங் மட்டும்தான் என்று போட்ட ஆடை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதற்கான செலவு முடிவதே இல்லை.

சரி, அலமாரிப் பக்கம் வருவோம்.

அழகுப் பொருளின் மீது இரண்டு காலக்கெடு இருக்கும். ஒன்று அட்டையில் அச்சடித்த காலாவதித் தேதி. மற்றொன்று, மூடி திறந்த டப்பாவின் சின்னப் படமும் அதில் ‘6 எம்’, ‘12 எம்’ என்ற எழுத்தும். திறந்த பிறகு அத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பொருள். பெரிய தள்ளுபடியில் வருவதில் பல, முதல் கெடு நெருங்கிவிட்ட சரக்கு. மூன்று சேர்ந்த காம்போவை எடுத்தால், முதலாவதை முடிப்பதற்குள் மூன்றாவதற்குத் தேதி முடிந்துவிடும். மஸ்காரா இன்னும் மோசம். திறந்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தூக்கிப் போட வேண்டும், கண்ணுக்குப் போகிற பொருள் என்பதால் இதில் சமரசம் கூடாது. வைட்டமின் சி சீரம் காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றமாகி மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். கடை விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிக் குப்பியில் நின்றிருந்த ஒன்றைப் பாதி விலைக்கு எடுத்து என்ன பயன்?

இதற்கு ஒரே விலக்கு சன்ஸ்கிரீன். ஒழுங்காகப் பூசினால் அது வேகமாகத் தீரும். வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணைப் பரிசோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். தினமும் ஒருமுறை அப்படிப் பூசினாலே 50 மில்லி ட்யூப் ஒன்றரை மாதத்துக்குள் காலி. நான்கு மாதம் ஓடுகிறது என்றால் பூசுவது போதவில்லை. எஸ்பிஎஃப் 30, தோலைச் சிவக்கச் செய்யும் யுவிபி கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்கு அதிகம் கொடுப்பதைவிட 30-ஐ முழு அளவில் பூசுவது மேல். ஆனால் எஸ்பிஎஃப் முக்கியமாக யுவிபியைத்தான் குறிக்கிறது. வெயிலின் இன்னொரு வகைக் கதிரான யுவிஏவுக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும், அந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும். காலாவதிக்கு ஒரு வருடம் மிச்சமிருந்தால் சன்ஸ்கிரீனை இரண்டாக எடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மற்றபடி தினசரிக்கு என்னிடம் இருப்பது மென்மையான ஒரு ஃபேஸ் வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், அவ்வளவுதான். தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சாதாரண சோப்போ காரம். முகம் கழுவியதும் இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம். மாய்ஸ்சரைசரை முகம் ஈரமாக இருக்கும்போதே பூசினால் குறைவாகவே போதும். புதிய பொருள் எதுவானாலும் முழங்கையின் உள்பக்கத்தில் சில நாள் போட்டுப் பார்த்த பிறகுதான் முகத்துக்கு. பலன் தெரிய நான்கு வாரமாவது வேண்டும். தோலின் மேலடுக்கு புதுப்பித்துக்கொள்ளவே அவ்வளவு காலம் ஆகும். வாரம் ஒரு சீரம் மாற்றுகிறவர்களுக்கு எது வேலை செய்தது என்றே தெரியாது.

பூட்டிக்குகளில் கையால் தயாரித்த கிரீம்கள் நிறைய வருகின்றன. ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’, அதாவது கெடாமல் காக்கும் பொருள் சேர்க்கவில்லை என்பதைப் பெருமையாக அச்சடிக்கிறார்கள். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த பாம் என்றால் பரவாயில்லை. தண்ணீர் சேர்ந்த கிரீம் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் இருந்தால் அதில் கிருமி வளரும். நிறத்தை வெளுக்க வைக்கும் என்று சொல்லி, உட்பொருள் பட்டியலே இல்லாமல் தருவதைத் தொடவே கூடாது. அந்த வகைக் கிரீம்களில் பாதரசம் கலப்பது உலகெங்கும் நடக்கிறது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. லேபிளில் ‘கேலமல்’, ‘மெர்குரி’ என்று எது இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

டெஸ்டர் லிப்ஸ்டிக்கை உதட்டில் போடாமல் புறங்கையில் போட்டுப் பார்க்கலாம். ஃபவுண்டேஷன் நிறத்தைத் தாடை ஓரத்தில் தடவி, வாசலுக்குப் போய் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துணியையும் அப்படியே வாசலுக்குக் கொண்டுபோவேன். கடைக்குள் நீலமாகத் தெரிந்தது வெளியே ஊதாவாக இருந்ததுண்டு. தள்ளுபடிச் சரக்கை மாற்றிக் கொடுப்பார்களா என்பதை பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், பல இடங்களில் மாட்டார்கள்.

இன்னொன்று. இவ்வளவுக்கு வாங்கினால் ஒரு கிரீம் இலவசம் என்று கடையில் சொன்னால், அதற்குப் பதில் ஆல்டரேஷனை இலவசமாகச் செய்து தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் கிரீமைவிடத் தையல்காரரின் அரை மணி நேரம் மலிவு போலிருக்கிறது. எனக்குப் பெரும்பாலும் சரி என்றே சொல்லியிருக்கிறார்கள்.