ஏழு ஆண்டுகளாக ஓட்டிய ரேசர்: ஜன்னல் வலையைக் கழற்றியதும் மீண்டும் மாட்டியதும்

கரடுமுரடான தடங்களில் ஓட்டும் சைடு-பை-சைடு வண்டியைப் பழையதாக வாங்குகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பக்கவாட்டில் இருக்கும் அந்த வலையை வைத்துக்கொள்ள வேண்டுமா, கதவு பொருத்திய பிறகு கழற்றிவிடலாமா என்பதே அது. நான் இரண்டையும் செய்து பார்த்தவன். வலையோடு ஒன்றரை ஆண்டு, வலையில்லாமல் பதினாறு மாதம், மீண்டும் வலையோடு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டேன். கதவு இருந்தாலும் வலை இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டியோடு வந்த வலையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஓட்டினால் அதனால் பெரிய பயன் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வசிப்பது அரிசோனாவின் மேசா நகரில். 2018 மார்ச்சில் ஒருவர் பயன்படுத்திய போலாரிஸ் ரேசர் எக்ஸ்பி 900 வண்டியை வாங்கினேன். 2012 மாடல், 875 சிசி எஞ்சின், 88 குதிரைத்திறன், 64 அங்குல அகலம். இந்த வகை வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓட்டுநரும் பயணியும் அருகருகே அமர்வார்கள், காரைப் போலவே ஸ்டியரிங்கும் பெடல்களும் இருக்கும், தலைக்கு மேலே இரும்புக் குழாய்களால் ஆன ரோல் கேஜ் இருக்கும். ஜன்னல் கண்ணாடி கிடையாது. அந்தக் கால ரேசர்களில் கதவும் கிடையாது. ஏறி அமர்ந்து பெல்ட் போட்ட பின், பக்கத் திறப்பை மூடும் வலையை இழுத்து பக்கிளில் மாட்ட வேண்டும். பக்கவாட்டில் நமக்கும் பாலைவனத்துக்கும் இடையில் இருப்பது அது ஒன்றுதான்.

2019 அக்டோபரில் இருபுறமும் அரைக் கதவுகள் வாங்கிப் பொருத்தினேன். கதவு வந்ததும் வலை தேவையற்றதாகத் தெரிந்தது. டோன்டோ தேசிய வனத்தின் தடங்களில் மாடு மேய்ப்பவர்களின் கம்பி வேலிக் கேட்டுகள் அடிக்கடி குறுக்கிடும். திறந்த கேட்டை மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். ஒவ்வொரு கேட்டிலும் பயணி பெல்ட்டைக் கழற்றி, வலையைக் கழற்றி, இறங்கித் திறந்து, வண்டி கடந்ததும் மூடி, ஏறி, எல்லாவற்றையும் மீண்டும் மாட்ட வேண்டும். ஒரு காலைப் பயணத்தில் ஐந்து கேட்டுகள் வந்தால் இது பெல்ட்டும் வலையுமாகப் பத்து முறை கழற்றி மாட்டும் வேலை. பக்கிளுக்குள் மாவு போன்ற புழுதி புகுந்து, அழுத்தினாலும் விடாமல் முரண்டு பிடிக்கும். என் மனைவி இரண்டு முறை நகம் உடைத்துக்கொண்டார். கதவு இருக்கிறதே, இனி இது எதற்கு என்று இருவருமே எண்ணிக் கழற்றிச் சுருட்டிக் கொட்டகையில் வைத்தோம்.

2021 பிப்ரவரியில், 87ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய சுகர்லோஃப் பகுதியில், என் மைத்துனரை அருகில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வறண்ட ஓடையின் கரையைச் சாய்வாக ஏறிக் கடக்கும்போது வலது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. மணிக்கு ஐந்து மைல் வேகம்கூட இருந்திருக்காது. வண்டி நின்றே விட்டது என்று நினைத்த நேரத்தில் மெதுவாக வலப்புறம் சாய்ந்து படுத்தது. இருவரும் பெல்ட் போட்டிருந்தோம், ஹெல்மெட் அணிந்திருந்தோம், கதவுகள் மூடியிருந்தன. மைத்துனர் கையை வெளியே நீட்டவில்லை. விழுகிறோம் என்று தெரிந்ததும் எவரும் செய்வதுபோல, கதவுக்கு மேலே கைக்கு எட்டிய கேஜ் குழாயை வலது கையால் பற்றிக்கொண்டார். அந்தக் குழாய்தான் முதலில் பாறையில் இறங்கியது. நடுவிரலும் மோதிர விரலும் குழாய்க்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கின. அரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைப் பின்னால் வந்த நண்பர்கள் இருவர் சற்றே தூக்கிப் பிடித்த பிறகுதான் அவரால் கையை உருவ முடிந்தது. "அத்தான், நான் பெல்ட் போட்டுத்தானே இருந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது. இரண்டு விரல்களிலும் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. வலை கேஜின் உட்புறம் மாட்டப்பட்டிருந்தால் அவருடைய கை அந்தக் குழாயைச் சுற்றி வளைத்திருக்க முடியாது. கழற்றியது நான், அந்தப் பொறுப்பும் என்னுடையதே.

பெல்ட் இடுப்பையும் மார்பையும் பிடித்துக்கொள்ளும், கையைப் பிடிக்காது. அரைக் கதவு காலையும் இடுப்பையும் உள்ளே வைத்திருக்கும். அதற்கு மேலே தோளிலிருந்து தலை வரை திறப்பு அப்படியே இருக்கும். பொழுதுபோக்கு ஆஃப்-ரோடு வண்டிகளுக்கான அமெரிக்கத் தொழில்துறைத் தரநிலை, பக்கவாட்டுப் பாதுகாப்பை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது: கால் பாதம் ஒன்று, தோள் இடுப்பு ஒன்று, கை ஒன்று, தலை கழுத்து ஒன்று. நான் போட்டிருந்த கதவு முதலாவதை முழுமையாகவும் இரண்டாவதைப் பாதியளவும்தான் காத்தது என்பதை அந்தப் பகுப்பைப் படித்த பின்புதான் உணர்ந்தேன்.

வண்டி கவிழ்வது வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் நேர்வது என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. 2009 மார்ச் 31 அன்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், யமஹா ரைனோ 450, 660 என்ற சைடு-பை-சைடு மாடல்களுக்கான இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தபோது, ஐம்பதுக்கு மேற்பட்ட விபத்துகளையும் 46 உயிரிழப்புகளையும் ஆய்வு செய்ததாகக் கூறியது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி கவிழ்ந்தவை. அந்தக் கவிழ்வுகளில் பல, குறைந்த வேகத்தில் சமதரையில் திரும்பும்போது நடந்தவையாகத் தெரிந்தன. பெல்ட் போடாதவர்கள் பலர் அதில் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் குறைந்த வேகம் என்பதே ஒரு காப்பு என்று நம்புவதற்கு அதில் இடமில்லை.

கார்ப் பந்தயத்தில் ஜன்னல் வலை வந்த கதையும் இதே பாடத்தையே சொல்கிறது. 1970இல் டார்லிங்டன் தடத்தில் பந்தய வீரர் ரிச்சர்ட் பெட்டியின் கார் உருண்டபோது, அவர் பெல்ட்டில் கட்டுண்டு இருக்க, கை ஜன்னலுக்கு வெளியே அடிபட்டபடி ஆடியது. அதன் பிறகுதான் அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயங்களில் ஜன்னல் வலை கட்டாயமாயிற்று.

வலைக்கு எதிரான வாதங்களில் ஒன்றை மட்டும் நான் முழுமையாக மதிக்கிறேன். மேலே சொன்ன நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2014இல் முன்வைத்த விதி வரைவில், தோள் அருகே இருக்கும் தடுப்பு, அமர்ந்திருப்பவர் எதுவும் செய்யாமலே தானாக இயங்குவதாக இருக்க வேண்டும் என்று கேட்டது. பெல்ட் போடாவிட்டால் வண்டி மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது என்பதும் அந்த வரைவில் இருந்தது. காரணம் எளிது: மாட்ட வேண்டிய பொருளை மனிதர்கள் மாட்டாமல் விடுவார்கள். நானே அப்படிப்பட்டவன்தான். ஆகவே மீண்டும் வலை போடுவதென்று முடிவெடுத்தபோது, எளிதில் மாட்டவும் கழற்றவும் முடிகிற வலையாக இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டேன். சிரமப்படுத்தும் வலை மூன்றாவது கேட்டுக்குப் பின் மாட்டப்படாமல் தொங்கும்.

2021 ஏப்ரலில் பழைய வலையைத் திரும்ப மாட்டவில்லை. பந்தயக் கார்களில் பயன்படும் பட்டை வகை வலையை வாங்கினேன். ஓர் அங்குல அகலமுள்ள பாலியஸ்டர் பட்டைகளைக் கட்டம் கட்டமாகத் தைத்தது அது. கீழ்விளிம்பு ஒரு கம்பியில் கோக்கப்பட்டு, கதவின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே கேஜில் நிலையாகப் பொருந்துகிறது. மேல்விளிம்பிலும் ஒரு கம்பி; அதன் பின்முனை ஒரு குழிக்குள் செருகும், முன்முனை சீட் பெல்ட்டில் இருப்பது போன்ற உலோக லாட்சில் மாட்டும். லாட்சைத் தட்டினால் வலை முழுவதும் தானாகக் கீழே விழுந்துவிடும். கையுறையோடும் செய்யலாம், மனைவிக்கு இப்போது இரண்டு நொடி வேலை. இருபுறத்துக்கும் சேர்த்து, வெல்டிங் கூலி உட்பட, 240 டாலர் ஆயிற்று.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வலை கேஜ் குழாய்களின் உட்புறத்தில் இருக்க வேண்டும். பட்டையைக் குழாயின் வெளிப்புறமாகச் சுற்றிக் கட்டுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும். வண்டி படுத்துத் தரையில் இழுபடும்போது முதலில் தேய்ந்து அறுவதும் அந்தச் சுற்றுதான். விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் இந்தத் தவறை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது, இறுக்கம். வலையை மாட்டிவிட்டு, உள்ளிருந்து முஷ்டியால் அழுத்திப் பாருங்கள். முஷ்டி குழாய்களின் வெளித்தளத்தைத் தாண்டிப் போகிறதென்றால் அந்த வலை கையை உள்ளே வைக்காது. கிளைகள் முகத்தில் அடிப்பதைத் தடுப்பதோடு அதன் பயன் முடிந்துவிடும். என் பழைய வலை அப்படித்தான் இருந்தது. வாங்கிய நாள் முதல் அதை ஒருமுறைகூட இழுத்துக் கட்டியதில்லை.

கிளைகளைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள குறுகிய ஓடைத் தடங்களின் இருமருங்கிலும் மெஸ்கீட் மரங்கள் நிற்கின்றன. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு மிக நெருங்கிய இனம். முள்ளும் அதே முள். ராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில் காலில் முள் வாங்கி வளர்ந்த எனக்கு, முதல் நாளே அதை அடையாளம் தெரிந்தது. வலையில்லாத பதினாறு மாதமும் சட்டையின் இடது தோள் கிழியாத பயணம் அரிது. வலை வந்த பின் அந்தத் தொல்லை அனேகமாக இல்லை.

வலை நம்மை உள்ளே வைப்பதுபோலவே வெளியேறவும் விட வேண்டும். பழக வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், கொட்டகையில் நின்றிருக்கும் வண்டியில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வலையையும் பெல்ட்டையும் இரு கைகளாலும் மாற்றி மாற்றிக் கழற்றிப் பார்க்கிறோம். வண்டி பக்கவாட்டில் படுத்தால் கீழ்ப்பக்க வலை உதவாது. மேலே இருக்கும் பக்கம் வழியாகத்தான் ஏறி வர வேண்டும். அதனால் ஓட்டுநர் பயணி பக்கத்து லாட்சையும், பயணி ஓட்டுநர் பக்கத்து லாட்சையும் எட்டித் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். தலைகீழாக நின்றால் ஒரு கையை மேற்கூரையில் ஊன்றிக்கொண்ட பிறகே பெல்ட்டை விட வேண்டும். புதிதாக ஏறுகிற எவருக்கும் இதைச் செய்து காட்டாமல் நான் வண்டியைக் கிளப்புவதில்லை.

அரிசோனா வெயில் வலையைத் தின்கிறது. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியது. அந்தக் கோடை முழுவதும் என் வண்டி பாதி நிழலில்தான் நின்றது. அக்டோபரில் பார்த்தபோது, மேற்கு நோக்கியிருந்த பக்கத்து வலையின் கறுப்பு பழுப்பாகியிருந்தது. தடவினால் விரலில் மாவு ஒட்டியது. தையல் ஓரத்தில் நகத்தால் கீறியதும் நூல் பொடிந்தது. எந்தக் கிழிசலும் இல்லை, தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல வலைதான். பந்தய வலைகளுக்கான எஸ்எஃப்ஐ 27.1 சான்று, தயாரித்த தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதன் காரணம் அப்போது புரிந்தது. அந்த வலையை அன்றே மாற்றினேன். இப்போது ஓட்டாத மாதங்களில் வலையைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கிறேன். வாங்குகிறவர்கள் நைலானைத் தவிர்த்துப் பாலியஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். இழுவிசையில் குறைவாக நீளும், வெயிலையும் கூடுதலாகத் தாங்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. மாலை வெயில் பக்கவாட்டிலிருந்து விழும்போது பட்டைகளின் நிழல் கட்டங்கள் கண்ணில் ஆடுகின்றன. பக்கக் கண்ணாடியை வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியை நான்கு அங்குலம் முன்னே நகர்த்திப் பொருத்தியும் முழுத் தெளிவு கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகளில் இது எனக்கு உண்மையாகவே இடைஞ்சலாக இருந்தது. அங்கே தரையிலிருந்து எட்டடி உயரத்தில் கொடி கட்டாமல் யாரும் ஓட்டக் கூடாது. குன்றின் மறுபக்கம் வரும் வண்டியை அதன் கொடி நுனியை வைத்துத்தான் முன்கூட்டியே அறிகிறோம். பட்டை வலை அந்த நுனியைச் சில சமயம் மறைத்தது. அதற்காக வலையைக் கழற்ற நான் தயாராக இல்லை. ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் மெல்லிய கண்ணி வலைக்கு மாறினேன், கிளைகளைத் தடுக்கும் வலு சற்றுக் குறைந்தது, பார்வை தெளிந்தது.

தோள் உயரம் வரை மூடும் முழுக் கதவும், அதற்கு மேலே வண்டியோடு வந்த நிலையான தடுப்பும் உள்ள புதிய மாடல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு அவசரமானது அல்ல. என்னுடையது போன்ற பழைய வண்டியில் கடையில் வாங்கிய அரைக் கதவைப் போட்டிருப்பவர்கள், வலையைக் கொட்டகையில் சுருட்டி வைத்திருந்தால், அதை எடுத்து வெளிச்சத்தில் விரித்து, தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்தால் புதிதாக வாங்குங்கள். பொடியாவிட்டால் இந்த வாரமே இழுத்து இறுக்கமாகக் கட்டுங்கள். மைத்துனரின் மோதிர விரல் இன்றும் முழுவதாக மடங்குவதில்லை. சென்ற நவம்பரில் அவர் மீண்டும் என்னோடு சுகர்லோஃபுக்கு வந்தார், ஏறியதும் பெல்ட்டுக்கு முன்பே வலையை இழுத்து மாட்டினார்.