பெயர் எழுதிய விமானித் தலைக்கவசம் வாங்குவோர் கவனத்திற்கு

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராயல் விமானப்படைத் தோல் தலைக்கவசங்களைச் சேகரிப்பவர்கள், உட்புறத்தில் விமானியின் பெயரும் படை எண்ணும் எழுதப்பட்ட ஒன்று விற்பனைக்கு வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுமாறு வேண்டுகிறேன். பழைய படைப்பொருள்களை இணைய ஏலத்தில் விற்கும் ஒருவர், 1940-ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரில் உயிரிழந்த இளம் விமானி ஒருவர் அணிந்தது என எழுத்து மூலம் உறுதி கூறி, ‘சி’ வகைத் தலைக்கவசம் ஒன்றை எனக்கு விற்றார். பெயரில்லாத அதே வகைக்குக் கேட்கப்படும் விலையைவிடப் பல மடங்கு தொகையை அவர் பெற்றது அந்தப் பெயருக்காகவே. விமானியின் குடும்பத்தார் கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட கடிதம் ஒன்றும் உடன் வந்தது.

தலைக்கவசம் போலியன்று, பெயர்தான் போலி. பொருள் அசலாக இருப்பதே இத்தகைய மோசடிக்குப் பாதுகாப்பாக அமைகிறது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படைக் கிடங்கில் பொருள்களை அடையாளம் காண இடப்படும் பண்டக எண்ணில் பறப்பு உடைகளுக்குரிய 22சி என்ற தொடக்கமும், காதொலிக் கருவிகளில் வானொலிச் சாதனங்களுக்குரிய 10ஏ என்ற தொடக்கமும் முறைப்படி இருந்ததால், முத்திரைகளை மட்டும் பார்ப்பவர் அதில் குறை காணவே முடியாது. ஆனால் ‘சி’ வகை புழக்கத்துக்கு வந்தது 1941-இல்தான். 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை நீடித்த அந்த வான்போரில் விமானிகள் பரவலாக அணிந்தது, காதுப் பகுதியை ஜிப் வைத்துத் திறந்து மூடும் ‘பி’ வகை. அந்த இளைஞர் உயிரோடிருந்த காலத்தில் இது அவர் கைக்கு வந்திருக்க வழியே இல்லை.

எழுத்தும் அதையே காட்டியது. உட்புற மென்தோலில் வியர்வைக் கறை படிந்து பழுப்பேறியிருந்த இடத்தில், மை சற்றும் கலங்காமல் கூர்மையாக நின்றது. தோல் வெடித்திருந்த இடங்களில் எழுத்து அறுபடாமல், மை வெடிப்புக்குள்ளேயே இறங்கியிருந்தது. தோல் புதிதாக இருந்தபோது எழுதியிருந்தால், வெடிப்பு எழுத்தைப் பிளந்திருக்குமே தவிர, மை வெடிப்பின் அடிவரை சென்றிருக்காது. சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடியிலேயே இது தெரிகிறது.

பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள் ஆகிய நான்கும் சரியாகப் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் அவை எவரும் காணும்படி உள்ளன. அதிகாரிகளின் நியமனங்களை பிரிட்டனின் அரசிதழான லண்டன் கெஜட்டிலும், படைப்பிரிவின் அன்றாடப் பறப்புகளைக் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ.ஐ.ஆர். 27 வரிசையிலும் பார்க்கலாம். உண்மையான உரிமையாளரைத் தேடிச் செல்பவர்களுக்குத் துணை நிற்கும் இந்தப் பதிவேடுகளிலிருந்தே, விற்பனைக்கு ஏற்ற பெயரையும் ஒருவரால் தேர்ந்தெடுத்துவிட முடிகிறது. ஆகவே பெயர் பட்டியலில் இருக்கிறது என்பது சான்றாகாது. அந்த மனிதருக்கும் இந்தப் பொருளுக்கும் இடையிலான தொடர்புக்கே சான்று வேண்டும்.

கடிதத்தைப் பற்றி உறவினர்களிடம் கேட்டபோது, அப்படி எதையும் தாங்கள் எழுதவில்லை என்றும், அவருடைய தலைக்கவசம் தங்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை என்றும் பதிலளித்தார்கள். உடனே, ஒருவேளை அது உண்மையிலேயே அவருடையதாக இருக்குமா என்று வயதான ஒருவர் ஆவலோடு கேட்டார். இல்லை என்று அவருக்கு எழுத நேர்ந்ததே, இழந்த பணத்தைவிட எனக்கு வேதனை தந்தது. போரில் மாண்ட ஒருவரின் பெயரை விலையேற்றும் சரக்காக்கி, அவரைச் சார்ந்தவர்களிடம் வீண் நம்பிக்கையை மூட்டும் செயலை எந்தச் சொல்லாலும் மென்மையாக்க நான் தயாராக இல்லை.

விற்றவர் முதலில், சோதனைக்காக முன்கூட்டியே வழங்கப்பட்டதாக இருக்கலாம் என்றார். பிறகு அதே பெயரில் வேறொருவர் இருந்திருப்பார் என்றார், எண்ணும் அதே எண்ணாக இருப்பது எப்படி என்று கேட்டதும் பதில் நின்றுவிட்டது. திருப்பி அனுப்பும் காலம் கடந்துவிட்டதென ஏலத் தளமும் கைவிரித்துவிட்டது.

அதே விமானியின் பெயர் எழுதிய பறப்புக் கண்ணாடி வைக்கும் பெட்டி ஒன்றும் பறப்புக் கையுறை ஒன்றும் இப்போது வேறொரு விற்பனைக் கணக்கில் வந்துள்ளன. மூன்றிலும் ஏழு என்ற எண்ணின் நடுவே ஒரு குறுக்குக்கோடு இருக்கிறது, பெயரின் முதலெழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தக் கையெழுத்தோடு ஏதேனும் பொருள் வாங்கியவர்கள் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்பினால், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் புகார் அளிக்க முடியும்.