மிட்ஜெட்டா, ஸ்பிட்ஃபயரா? எனக்குத் துருதான் முடிவு செய்தது

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் எம்ஜி மிட்ஜெட்டா, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரா என்று இரண்டு வருடம் யோசித்து, ஏழு வண்டி பார்த்து, கடைசியில் 1972-இல் செய்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 ஒன்றை வாங்கிவிட்டேன். அதனால் என்னிடம் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

பொதுவான விஷயங்களை முதலில் தள்ளிவிடலாம். இரண்டுமே இரண்டு பேர் உட்காரும், துணிக்கூரை போட்ட, நாலு சிலிண்டர் வண்டிகள். 40 வயது தாண்டியதால் பிரிட்டனில் இரண்டுக்கும் சாலை வரி கிடையாது. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிறந்த கதை மட்டும் வேறு வேறு. 1958-இல் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் வந்தது. அதன் முகப்பு விளக்குகள் மடங்கி உள்ளே போகிற மாதிரிதான் முதலில் திட்டம், செலவைக் குறைக்க அதைக் கைவிட்டதில் பானட் மேல் இரண்டு தவளைக்கண் முளைத்துவிட்டது. 1961-இல் அந்தக் கண்களை எடுத்து, முகத்தை மாற்றி, அதே குழுமத்தின் எம்ஜி சின்னமும் ஒட்டியபோது அதற்கு மிட்ஜெட் என்று பேர். ஸ்ப்ரைட்டுக்குப் போட்டியாக ட்ரையம்ஃப் செய்ய நினைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். தன் ஹெரால்ட் காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வைத்து இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வடிவம் வரைந்தார், மாதிரி வண்டியும் தயாரானது, ஆனால் கம்பெனியிடம் பணம் இல்லை. 1961-இல் லாரி செய்யும் லேலண்ட் அந்தக் கம்பெனியை வாங்கியபோதுதான் மூலையில் துணி போர்த்திக் கிடந்த வண்டியை யாரோ பார்த்தார்கள். அடுத்த வருடமே லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வந்து, 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். இதில் வேடிக்கை, 1968-இல் எம்ஜி, ட்ரையம்ஃப் இரண்டு கம்பெனியும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கூரைக்குள் வந்தன. 1974 முதல் மிட்ஜெட்டுக்கே ஸ்பிட்ஃபயரின் 1493 சிசி இன்ஜினைப் போட்டார்கள். பங்காளிக்கு ஒரே அடுப்பு! எம்ஜி ரசிகர்கள் சிலருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஓட்டுவதில் மிட்ஜெட் மேல், இதை ஒத்துக்கொள்கிறேன். நண்பனின் 1275 சிசி வண்டியை இரண்டு தடவைதான் ஓட்டினேன், அதை வைத்துப் பெரிதாகப் பேசக்கூடாது, ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொட்டாலே திரும்பும் அந்தச் சுறுசுறுப்பு என் வண்டியில் இல்லை. அதோடு 1970-க்கு முந்தைய ஸ்பிட்ஃபயர்களில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கி வண்டி தூக்கும். மார்க் 4-இல் பின் ஸ்பிரிங்கை மாற்றி அதைச் சரிசெய்துவிட்டார்கள். நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவை ஸ்பிட்ஃபயரில் அந்தக் காலத்திலேயே கேட்டு வாங்கலாம், மிட்ஜெட்டுக்குக் கம்பெனி அதைக் கொடுத்ததே இல்லை.

சரி, துருவுக்கு வருகிறேன். மிட்ஜெட்டுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற பகுதி, தரைத்தகடு, பின் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. ஈரமும் சாலையில் கொட்டும் உப்பும் முதலில் போய் உட்காருவதும் அங்கேதான். நான் பார்த்த ஏழில் நாலு மிட்ஜெட், அதில் மூன்றில் சில் முழுக்கப் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டுமென்றால் கதவு இடைவெளியில் இரும்புச் சட்டம் முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு ஒழுங்காக மூடாது. வெல்டிங் தெரியாத என்னைப் போன்ற ஆளுக்கு அது வாராவாரம் பணம் கேட்கும் வேலை. ஒரு ஆறுதல் உண்டு: இங்கிலாந்தில் விட்னி ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் மிட்ஜெட்டுக்குப் புத்தம்புது பாடியே செய்து விற்கிறது. பணம் இருப்பவர்களுக்கு அது நல்ல வழி.

ஸ்பிட்ஃபயரும் துருப்பிடிக்கும். அதன் சில்லும் ஓரளவு பாரம் தாங்கும், அதனால் அங்கேயும் தட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அடியில் கனமான சேசிஸ் இருக்கிறது, பாடி அதன்மேல் போல்ட் போட்டு நிற்கிறது. பானட்டும் முன் விங்குகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துவிடும், முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குக்கு இது பெரிய வரம்.

இதற்கும் தொல்லை உண்டு. முன் சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரன்னியனுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் கிரீஸ் அடைத்து வைத்திருந்தார், மரை காய்ந்து தேய்ந்துபோய் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியதாயிற்று. கவனிக்காமல் விட்டிருந்தால் ஓடும்போதே சக்கரம் மடிந்திருக்கும்.

பார்க்கப் போகும்போது துணியில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். மிட்ஜெட் என்றால் சில் நெடுக வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. ஸ்பிட்ஃபயர் என்றால் இன்னொருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு இன்ஜின் முன்னால் இருக்கும் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே கிராங்க் ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது, விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.