ஏழாவது வருடத்தில் என் பெட்ரோல் ஜெனரேட்டர்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் வீட்டைச் சுற்றி நின்ற தென்னைகளில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்தாறு நாள் ஆனது. அம்மாவின் இன்சுலினை ஈரமணல் பரப்பிய மண்பானைக்குள் வைத்துச் சமாளித்தோம். அந்த நாட்கள்தான் என்னை 2019 ஜனவரியில் இரண்டு கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்க வைத்தன. ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், விளக்குகள், செல்போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். போர் மோட்டாரை மட்டும் அதில் போடுவதில்லை. ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும்.

முதல் இரண்டு வருடம் அவ்வப்போது இரண்டு மணி, மூன்று மணி ஓட்டினேன். டேங்கில் பெட்ரோல் நிரப்பியபடியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். 2020 நவம்பர் 24 அன்று நிவர் புயலுக்காக எங்கள் மாவட்டத்தில் மதியத்தோடு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். சரி, ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். நாற்பது முறை இழுத்தும் கிளம்பவில்லை. உள்ளங்கை தோல் உரிந்ததுதான் மிச்சம். நல்லவேளையாக நிவர் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது.

இரண்டு நாள் கழித்து வந்த மெக்கானிக் தம்பி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே பெட்ரோல் வாடை இல்லை, பழைய வார்னிஷ் வாடை. தேங்கி நின்ற பெட்ரோல் கெட்டு, அடியில் கருப்பட்டிப் பாகு போலப் படிந்திருந்தது. பெட்ரோல் போக குண்டூசி முனை அளவே துவாரம் கொண்ட பித்தளை ஜெட்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, "அண்ணே, இதுல ஓட்டை தெரியுதா பாருங்க" என்றார். தெரியவில்லை. ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி மெதுவாகக் குத்தி, ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதியதும் ஊசிமுனை வெளிச்சம் வந்தது. "தினம் ஓடுற வண்டிக்கு இந்த நோவு வராதுண்ணே" என்றார். நான் கற்ற பராமரிப்பெல்லாம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

வீட்டு ஜெனரேட்டர் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்கிற சாமான். அதனால் நிறுத்தும் முறையில்தான் நான் அதிக கவனம் வைக்கிறேன். சுவிட்சைப் போட்டு அணைக்க மாட்டேன். ஃபேன், ஃபிரிட்ஜ் என்று மாட்டிய லோடை எல்லாம் எடுத்துவிட்டு, டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் குழாயை மூடுவேன். கார்புரேட்டரில் இருப்பதைக் குடித்துவிட்டு சில நிமிடத்தில் இன்ஜின் தானாக நிற்கும். ஆறியதும் கிண்ணத்தின் அடி ஸ்குருவைத் தளர்த்தி மிச்சச் சொட்டையும் வடித்துவிடுவேன். கடைசியாகக் கயிற்றை மெதுவாக இழுத்து, கை இறுகும் இடத்தில் நிறுத்தி விடுவேன். அந்த நிலையில் காற்று போகும், புகை வெளியேறும் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது மிக முக்கியம்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அது அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். எனவே ஒரு மாதத்துக்கு மேல் எந்தப் பெட்ரோலையும் உள்ளே விடுவதில்லை, பைக்குக்கு ஊற்றிவிடுவேன். ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் டேங்க் நிறைய வைத்திருப்பேன், அதையும் மாதாமாதம் மாற்றுவேன்.

மாதம் ஒருமுறை இருபது நிமிடம் ஓட்டுகிறேன், அதுவும் இஸ்திரிப் பெட்டியும் ஃபிரிட்ஜும் போட்டு. லோடு இல்லாமல் உறும விடுவதில் பெரிய பயனில்லை. நீண்ட நாள் சும்மா கிடந்தால் உள்ளே சுழலும் ரோட்டரில் மிஞ்சியிருக்கும் காந்தசக்தி குறைந்து, இன்ஜின் ஓடியும் கரண்ட் வராமல் போகும்.

ஆயில் எஸ்ஏஇ 10டபிள்யூ-30, ஏறக்குறைய 600 மில்லி. புது இன்ஜினில் முதல் 20 மணி நேரத்திலேயே மாற்ற வேண்டும். அப்புறம் 100 மணி அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. எனக்கு ஆறு மாதம்தான் முந்தும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாற்றுகிறேன். ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி வடித்தால் கசடும் சேர்ந்து வரும். ஒருமுறை என் தம்பி ஜெனரேட்டரைச் சரிவான வாசலில் வைத்துவிட்டு, கிளம்பவே இல்லை என்று பதறினான். சரிவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்க, ஆயில் குறைந்தால் அணைக்கும் சென்சார் தன் வேலையைச் செய்திருக்கிறது. சமதளத்துக்கு நகர்த்தியதும் ஒரே இழுப்பில் பிடித்தது.

காற்றை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, சுத்தமான ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுவேன். ஸ்பார்க் பிளக்கின் முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. கரி பிடித்திருந்தால் முதலில் ஃபில்டரையும், காற்றைக் குறைக்கும் சோக்கையும் பார்ப்பேன். சைலன்சர் வாயில் ஒரு வருடம் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அது முதல் துணியால் அடைத்து, எடுக்க மறக்காமலிருக்கத் துணியின் மறுமுனையைக் கயிற்றின் கைப்பிடியில் முடிந்துவைக்கிறேன்.

இரண்டு விஷயத்தில் நான் கறார். ஓட்டுவது திறந்தவெளியில், வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, புகை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் போகிற மாதிரி. மழை என்று திண்ணைக்குக்கூட ஏற்ற மாட்டேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அப்புறம் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், அதாவது வீட்டு லைனை ஈபியிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச். ஈபி லைனைத் துண்டிக்காமல் வீட்டு பிளக் பாயிண்ட்டில் ஜெனரேட்டரைச் சொருகினால் கரண்ட் திரும்பிக் கம்பத்துக்கு ஏறும். கஜா சமயத்தில் வெளியூர்களிலிருந்து வந்து, இடுப்பளவு சேற்றில் நின்று எங்களுக்குக் கம்பம் நட்ட லைன்மேன்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேலே நிற்கும்போது கீழிருந்து நம் கரண்ட் போகக் கூடாது.

செலவு பெரிதில்லை. ஏழு வருடத்தில் இரண்டு பிளக், ஒரு ஃபில்டர், ஒரு ஸ்டார்ட்டர் கயிறு, அந்த ஒருமுறை கார்புரேட்டர் வேலை, ஆயில். ஓட்டிய நேரத்தை எழுதும் நோட்டு இப்போது 262 மணியில் நிற்கிறது. 300-இல் வால்வ் இடைவெளி பார்க்க வேண்டும், அதற்கு மட்டும் அந்த மெக்கானிக் தம்பியைக் கூப்பிடுவேன்.